தங்கத் துகள் மேல் கறுப்புச் சதுரம்

எவாரிஸ்தோ அந்தத் துகளைக் கண்டது ஈஸ்டருக்கு முன்பா பின்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காசில்டாவின் முகம் மட்டும் மறக்கவில்லை. அதிலும் நானாக எதையாவது சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

சான் லூயிஸ் பொத்தோசி நகரில் எங்கள் ஆய்வகத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நிரந்தரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆப்பு வடிவில் ஐந்து படிகத் துண்டுகள் நடுவே ஒரே புள்ளியில் கூடும் தங்கத் துகளை, அணு வரிசைகள் தெரியும்படி முதலில் படமெடுப்பவருக்கே அந்த இடம் என்று ஆய்வகத் தலைவர் ரெமேதியோஸ் மேடம் சொல்லியிருந்தார். காசில்டா நான்கு வருடமாகத் தங்கத்தோடு மல்லுக்கட்டினாள். அவளுடைய துகள்கள் எல்லாம் சாய்ந்தே கிடந்ததால் வரிசைகள் தெரியவில்லை. மத்தேவாலா ஊரிலிருந்து புதிதாக வந்த எவாரிஸ்தோவுக்கோ வந்த வேகத்தில் ஒன்று நேராக முகம் காட்டிவிட்டது.

மங்கலாக ஒரு படம் எடுத்துக்கொண்டான். மேடம் வந்ததும் நல்லதாக எடுக்கலாம் என்று, துகள்களைத் தாங்கும் பொட்டளவு செப்புச் சல்லடையைக் கருவிக்குள்ளேயே விட்டுவிட்டுக் கோர்தீத்தா சாப்பிடப் போனான்.

அந்த நோக்கியில் ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கக் கூடாது. சல்லடையில் ஒட்டிய பிசுக்கையெல்லாம் எலெக்ட்ரான் கற்றை அங்கே இழுத்துக் கரியாக்கிவிடும். பார்த்த சதுரம் கறுத்துப்போகும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே காசில்டாதான்.

அவன் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் அவள் உட்கார்ந்தாள். ஐந்து ஆப்புகளும் கூடும் அந்தப் புள்ளி திரையில் தெரிந்ததும் அவள் வயிறு எரிந்தது. நேற்று வந்தவனுக்கு எப்படி இது? இன்னும் பெரிதாக்கினாள். எங்காவது ஒரு குறை இருக்குமென்று தேடினாள். இல்லை. படமெடுக்கும் பொத்தான் விரலடியில் இருந்தது. அவனுடையதைத் தன் கையால் பதிவு செய்ய மனம் வரவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

மேடத்தோடு திரும்பிய எவாரிஸ்தோ திரையில் காட்சியைச் சற்றுச் சிறிதாக்கிப் பார்த்தான். துகள் இருந்த இடத்தில் அளவெடுத்து ஒட்டியதுபோல் ஒரு கறுப்புச் சதுரம்.

"யாரோ நகராம பாத்திருக்காங்க," என்றார் மேடம்.

"கண்ணு பட்டுருச்சு மேடம். எங்கம்மா இருந்தா முட்டை வச்சு சுத்திப் போட்டிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சுவரோரம் நின்றவள் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"நீயா, காசில்டா?"

"ஆமா."

"படம் எடுத்தியா? எடுத்திருந்தா குடு. உம் பேரையே போட்டுக்க."

"எடுக்கல."

"பின்ன அவ்ளோ நேரம் என்னதான் பண்ணின?"

அவள் கண் இன்னும் அந்தச் சதுரத்தின் மேலேயே இருந்தது.

"பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்தச் சல்லடையில் அப்படி இன்னொரு துகள் கிடைக்கவில்லை. முதலில் எடுத்த மங்கலான படமே போதும் என்று மேடம் சொல்லிவிட, எவாரிஸ்தோவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறான். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். காசில்டா மொந்தெர்ரேயில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அதன்பின் அவள் நுண்ணோக்கி முன் உட்காரவில்லை.