பக்கத்துப் பல்

பல்லுக்கு மேல் உறை மாதிரி மாட்டும் அந்தப் பீங்கான் கிரவுன் கிளினிக்கிலிருந்து மறுபடியும் லேபுக்குத் திரும்பி வந்திருந்தது. குமுதா அதை நோயாளியின் பல்வரிசையை வார்த்த வெள்ளைப் பிளாஸ்டர் அச்சில் உட்காரவைத்து, ஊசிமுனைக் கருவியால் விளிம்பைச் சுற்றி வருடினாள். பீங்கான் முடிந்து பல் தொடங்கும் இடம் அது. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் முனை தடுக்கும். வாயில் அப்படி இருந்தால் எச்சில் புகும், சிமென்ட் கரையும், உள்ளே பல் சத்தமில்லாமல் சொத்தையாகும். ஆனால் முனை வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கரையில் பட்டர்வொர்த் ஊர்க் கிளினிக்கின் பல் டாக்டரோ, வாயில் வைத்தால் சுற்றிலும் திறந்து நிற்கிறது என்கிறார். அச்சில் பொருந்துவது வாயில் ஏன் பொருந்தவில்லை?

பதில் தெரியவில்லை. சந்தேகம் மட்டும் இருந்தது; அதற்கு ஒரு பெயரும் இருந்தது. நாதன். பீங்கான் பூசிச் சூளையில் வைப்பவன் அவன். கிளினிக்கில் நோயாளியின் வாயை அளவெடுத்த சிலிக்கானை ஃபெர்ரியில் கொண்டுவருபவனும் அவன்தான். சூட்டைக் கூட்டி விளிம்பை உருக்கிவிடுகிறானோ? அப்படியென்றால் அச்சிலும் பொருந்தாதே என்றது புத்தி. சரி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் போட்டு அளவை வளைத்துவிட்டானோ?

லேப் முதலாளி புவனேஸ்வரன் காலையிலேயே சொல்லிவிட்டார். “யாரோ ஒருத்தர் கைதான் கெடுக்குது குமுதா. சாயங்காலத்துக்குள்ள பேரைச் சொல்லு. அந்த ஆளு நாளைக்கு வர வேணாம்.”

நாதனுக்கு இரண்டு பிள்ளைகள். அதை நினைக்காமலிருக்க, குமுதா கிரவுனைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். அவன் கை பட்டுவந்த எதையும் அவள் இப்படித்தான் பார்ப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது கிரவுனுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே ஒளிக்கோடு தெரிந்தது.

“நாதா, சைடுல ஒட்டல. கொஞ்சம் பீங்கான் ஏத்து.”

“போன தடவையும் ஏத்தினேன்க்கா. அதுக்கு முந்தியும்.” அவன் நாற்காலியைத் திருப்பாமலே சிரித்தான். “ஒவ்வொரு தடவையும் சந்து விழுது. பக்கத்துப் பல்லு டயட் இருக்குது போல லா.”

“ஒன் வேலையப் பாரு.”

அதட்டிவிட்டுக் கையைப் பார்த்தாள். விரல்நுனியில் வெள்ளைப் பொடி. கிரவுனின் பக்கவாட்டிலும் அதே பொடி. பக்கத்துப் பிளாஸ்டர் பல்லைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோனாள். உருண்டிருக்க வேண்டிய கன்னம் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தது.

பீங்கானுக்கு முன்னால் பிளாஸ்டர் சுண்ணாம்புக்கட்டிதான். அவள் மாட்டிக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததால் சந்து. சந்தை அடைக்க நாதன் பீங்கான் ஏற்றினான், அவள் சொல்லித்தான். நோயாளியின் பல் தேயவில்லையே.

குமுதா எழுந்து, பழைய சிலிக்கான் அளவைத் தேடியெடுத்துப் புதுப் பிளாஸ்டர் ஊற்றினாள். இறுகும்வரை நாதன் பக்கம் திரும்பவில்லை. பிறகு புது அச்சில் கிரவுனை வைத்தாள். இறங்கவில்லை. கூட்டமான பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரப்போய், தொடை இடித்து, சீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பவரைப் போல நின்றது. கீழே, டாக்டர் சொன்ன அதே இடைவெளி.

இடிக்கும் இடத்தில் மை ஒட்டும் நீலத்தாளை இடுக்கில் வைத்து அழுத்தினாள். கிரவுனின் பக்கத்தில் ஒரு நீலப்புள்ளி விழுந்தது.

“இதைத் தேய்ச்சுக் குடு தம்பி.”

‘தம்பி’ என்றதில் அவன் நிமிர்ந்தான். கிரவுனை வாங்கி, புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மெருகேற்றித் தந்தான். இந்த முறை அது முழுதாக இறங்கியது. முனை எங்கும் தடுக்கவில்லை.

புவனேஸ்வரன் கதவருகே நின்றார். “பேரு?”

“குமுதா.”

“வெளையாடாத லா.”

“நெசம்தான் பாஸ். நான் பார்த்துப் பார்த்தே தேய்ச்சிட்டேன்.”

அவர் அவளையும் நாதனையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை. அடுத்த வேலைக்கான சிலிக்கானை எடுத்து, அதில் இரண்டு முறை பிளாஸ்டர் ஊற்ற வேண்டும் என்று நாதனிடம் சொன்னாள். ஒரு அச்சு, எத்தனை சந்தேகம் வந்தாலும் மாட்டிப் பார்க்க. இன்னொன்று மூடிய டப்பாவில், யாரும் தொடாமல். கிரவுன் வெளியே போகும் அன்று ஒரே ஒரு முறை வைத்துப் பார்க்க.