சம்பந்தியின் துண்டு

என் தம்பி சோலைமலை சேவல் இறகைத் தூண்டில் முள்ளில் வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து யாருக்குப் பின் யார் வீசுவது என்று வரிசை எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் சம்பந்தி. அடுத்து சம்பந்தியம்மாள். அதற்குப் பிறகுதான் நாங்கள். "வெளாட்டுக்கு எதுக்குண்ணே இம்புட்டு?" என்றான் அவன். பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்கு விளையாட்டு என்று ஒன்று கிடையாது. அது அவனுக்குப் புரியாது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். என் மகள் சந்திரவல்லியைத் தேவாரம் ஊர்ச் சுருளிவேல் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். தையில் கல்யாணம். அதற்குள் இரண்டு குடும்பமும் ஒரு நாள் சேர்ந்து இருக்கட்டும் என்று சோலைமலை போட்ட திட்டம்தான் இது. மேலே எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது தன்னுடைய தூண்டிலை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புழு கோக்க வேண்டியதில்லை. கயிற்றைச் சாட்டைபோலப் பின்னால் வீசி முன்னால் விட்டால், நுனியிலிருக்கும் இறகு தண்ணீர்மேல் பூச்சி மாதிரி உட்காரும். மீன் ஏமாந்து கவ்வும்.

காலையில் போடியில் எங்கள் வீட்டுக் களத்தில் வீசும் போட்டி. மத்தியானம் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஓடையில் மீன்பிடி. அங்கேயே குழம்பு. களத்தில் நெல் புடைக்கிற ஐந்து சுளகுகளைத் தள்ளித் தள்ளி வைத்தோம். பக்கத்துச் சுளகில் இறகு விழுந்தால் ஒரு பாயிண்ட், கடைசிச் சுளகில் விழுந்தால் அஞ்சு. களத்தில் வீசும்போது வெறும் இறகுதான், முள் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

"கோழி இறகக் காட்டி மீனை ஏமாத்தப் போறாகளாம், பெரிய மனுசங்க" என்று என் மனைவி சுந்தரம்மாள் அம்மியை விட்டு எழாமலே சொன்னாள். நான் பத்து நாளாக விடியற்காலையில் எழுந்து தனியாக வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். சம்பந்தியிடம் தோற்கலாம், தப்பில்லை. அவர் முன்னால் கோமாளியாகக் கூடாது.

சுருளிவேல் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, இடது தோளில் ஜரிகைத் துண்டு, வளையாத கழுத்து. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் நான் பெண் கொடுக்கச் சம்மதித்தேன். தூண்டிலை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினேன்.

"நீங்க வீசுங்க சம்பந்தி. பாத்துட்டு வீசுறேன்" என்று எனக்குப் பின்னால் போய் நின்றார்.

வீசினேன். பின்னால் போன கயிறு முன்னால் வரும்போது கனத்தது. காற்று என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தேன். வெள்ளையாக ஏதோ என் தலைக்கு மேலே பறந்து, நடுவானில் விரிந்து, கடைசிச் சுளகில் போய் விழுந்தது.

"அஞ்சு பாயிண்ட்" என்றான் சோலைமலை, பழக்கத்தில்.

திரும்பிப் பார்த்தேன். சுருளிவேலின் தோள் வெறுமையாக இருந்தது.

எங்கள் பக்கம் ஒருவன் தோளிலிருந்து துண்டை எடுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அறையையாவது மறந்துவிடுவார்கள். ஓடைக்கென்று கட்டிய இறகுகளில் ஒன்றை, முள்ளோடு, சோலைமலை களத்துக்கும் மாட்டியிருக்கிறான். நான் ஓடிப்போய்த் துண்டை எடுத்து உதறி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஜக்கம்மா, பொறப்படு. தேவாரம் பஸ்சு இருக்கும்" என்றார் மனைவியிடம்.

"தெரியாம நடந்ததுக்கு..." என்று அந்த அம்மாள் இழுத்தாள்.

"தெரிஞ்சு எடுத்தா வெட்டிக்கிட்டுல்ல இருப்போம்."

சமையற்கட்டு வாசலில் சந்திரவல்லியின் முகம் தெரிந்தது. தைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. கல்யாணம் நின்றால் தேவாரத்துக்கு என்ன காரணம் போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் சொல்லால் கேட்கிற மன்னிப்பு அந்தத் தோளை மூடாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

"சம்பந்தி, என் துண்டையும் எடுத்துருங்க" என்றேன்.

நின்றார்.

"கையால வேண்டாம். இதாலயே எடுங்க. சரிக்குச் சரியாப் போகும்."

யோசித்தார். தூண்டிலை வாங்கிக்கொண்டார். நான் களத்தின் நடுவில் போய், துண்டை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டு நின்றேன்.

"முள்ளக் கழட்டிரவாண்ணே?" என்று சோலைமலை ஓடிவந்தான்.

"அவருக்கு இருந்தது எனக்கும் இருக்கட்டும்."

முதல் வீச்சு வேப்பமரத்தில் மாட்டியது. இரண்டாவது ஓட்டில். மூன்றாவது என் காதை உரசிக்கொண்டு போனது. நான் அசையவில்லை. பத்தாவது வீச்சில் அவர் தன் வேட்டியிலேயே மாட்டிக்கொண்டார். அதை ஜக்கம்மாள் குனிந்து எடுத்துவிட்டாள். "வெறகு பொளக்குற மாதிரி வீசாதீக" என்றாள். "மசாலு புளிக்கப் போகுது. வெரசா எடுத்துட்டு விடுங்கண்ணே" என்றாள் சுந்தரம்மாள், யாருடைய துண்டு என்ற எண்ணமே இல்லாமல். ஜீப்புக்காரன் ஏணி கேட்டு வாங்கி அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். பதினேழுவரை எண்ணினேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கழுத்து மட்டும் வளையவில்லை.

"மாமா, கையத் தோளுக்கு மேல தூக்காதீக."

சந்திரவல்லி. நிச்சயம் ஆனதிலிருந்து சம்பந்தி வீட்டார் முன்னால் வாய் திறக்காதவள், வாசற்படியைத் தாண்டிக் களத்துக்கு வந்திருந்தாள்.

"பின்னால போன கயிறு நேராகட்டும் மாமா. அப்பறம் விடுங்க."

"எம்புட்டு நேரம் ஆத்தா?"

"ஒரு மூச்சு."

தூண்டில் சில நாள் நான் வைத்த மூலையில் இல்லாமல் வேறு மூலையில் இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்க அது நேரமில்லை.

சுருளிவேல் கையை இறக்கினார். வீசினார். ஒரு மூச்சு நின்றார். கயிறு அவருக்குப் பின்னால் முழுதும் நீண்டு, திரும்பி, சத்தமில்லாமல் வந்தது. இறகு என் துண்டின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த கனமே தெரியவில்லை. அவர் மெல்ல இழுத்தார். முள் துணியைப் பிடித்துக்கொண்டது. துண்டின் ஓரம் ஒரு விரல் அளவு தூக்கி நின்றது.

"இழுங்க சம்பந்தி" என்றேன்.

அவர் இழுக்கவில்லை. தளர்த்தவும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வெயிலில் விறைத்து நின்ற கயிற்றில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. அது சிறகைத் தாழ்த்தியது, உயர்த்தியது. அதைக் கலைக்காமல், தேவாரம் பஸ்ஸை மறந்து, இரண்டு பேரும் நின்றோம்.