தேசப்பனின் சிவப்பு விளக்கு

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டின் எடைமேடையில் அன்று காலை ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு டன் லாரி ஏறினால், திரையில் இரண்டு டன்கூட வரவில்லை. இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் லாரிகளெல்லாம் மீன்கூடை எடைக்கு இளைத்துவிடும்.

மேடையோரத்து அறையில் கணினி முன்னால் இருந்த சங்கமித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தராசு அனுப்பும் எடை, ஒன்று, எட்டு, சைபர் என்று தனித்தனி எண்களாக, சீரியல் போர்ட் வழியே ஒவ்வொன்றாகக் கணினிக்குள் வரும். ஒன்று வந்ததும் போர்ட் கூப்பிடும். கணினியின் லினக்ஸ் கர்னலுக்குள் அவள் எழுதி வைத்த டிரைவர் என்கிற நிரல் எழுந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சோம்பேறி கடைசி எண்ணை அடிக்கடி கோட்டை விட்டது; பதினெட்டாயிரம் கிலோ ஆயிரத்தெண்ணூறு ஆனது. எங்கே தப்பு என்று பார்க்க, வாங்குவதற்கு முன்னால், 'இங்கே வந்தாச்சு' என்று திரையில் காட்டும் ஒரு செய்தி வரி போட்டால் சமர்த்தாக வேலை செய்தது. வரியை எடுத்தால் பழையபடி கண்ணாமூச்சி.

அவள் சொந்தமாக எழுதிய முதல் டிரைவர் அது. "இன்னைக்கு யார்டுல ஓகே ஆவலேன்னா, நீ திரும்ப பில் டைப்பிங் சீட்டுக்கே போயிடும்மா" என்று முதலாளி அய்யாத்துரை சொல்லியிருந்தார்.

யார்டு மேனேஜர் பாஸ்கல் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, லாரிங்கள்லாம் பட்டினி கெடக்குதா?"

அதற்குள் வெளியே ஒரு ஹாரன் காதைக் கிழித்தது. வருகிற லாரிக்காரர் கேட்டில் பட்டனை அமுக்கினால் காவலர் தேசப்பனின் அறையில் சிவப்பு விளக்கு எரியும். அவர் போய் லாரியை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி வந்து விளக்கை அணைப்பார். அதுதான் அங்கே வழக்கம்.

"எவ்ளோ நேரமா நின்னுகினு கீறேன்!" என்று லாரியிலிருந்து டில்லிபாபு கத்தினான்.

"லைட்டே எரியலியே நைனா!" என்றார் தேசப்பன்.

"முன்னாடி வண்டிய நீ உள்ள வுட்டுகினு இருந்தப்பவே அமுக்கிட்டேன். நீ வந்து ஆஃப் பண்ட்டு குந்திகினே!"

சங்கமித்ரா நாற்காலி சாய எழுந்தாள். முதல் லாரிக்கு எரிந்த விளக்கை அணைத்தபோது, இடையில் வந்த லாரியின் கூப்பாடும் அதோடு போயிருக்கிறது! அவள் டிரைவரும் அதே தேசப்பன்தான். வந்திருக்கும் எண்களை வாங்கிவிட்டு, அப்புறம் போர்ட்டின் கூப்பாட்டை அழித்தது; இடையில் வந்து நின்ற எண் அம்போ. செய்தி வரி போட்டால்? அந்தத் தாமதத்துக்குள் எல்லா எண்களும் வந்து சேர்ந்துவிடும், இடையில் வர ஒன்றுமே மிச்சமில்லை!

"அண்ணே! மொதல்ல லைட்ட ஆஃப் பண்ணு, அப்பால லாரிய வுடு!" என்று ஜன்னல் வழியாகக் கூவினாள்.

"இந்தப் பொண்ணும் சேந்து என்னிய திட்டுதே, ஒரே பேஜாரா கீது" என்றார் தேசப்பன்.

நிரலில் கூப்பாட்டை அழிக்கும் வரியை, எண்களை வாங்கும் வரிக்கு மேலே தூக்கிப் போட்டாள், அவ்வளவுதான். கம்பைல் ஆகி முடியும் வரை கால் தரையில் நிற்கவில்லை. டில்லிபாபுவின் லாரி மேடை ஏறியது. பதினெட்டு டன், முழுசாக. அடுத்ததும் முழுசு, அதற்கடுத்ததும் முழுசு. சந்தோஷம் தலைக்கேறி, அவள் பாஸ்கலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், விட்டாள், மறுபடி பிடித்துக் குலுக்கினாள். வெளியே தேசப்பன் முதலில் விளக்கை அணைத்துவிட்டு லாரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

"ஓகே, ஓகே, கைய வுடும்மா" என்று பாஸ்கல் ஃபோனை நீட்டினார். மறுமுனையில் அய்யாத்துரை.

"இன்னாம்மா ஆச்சு? டைப்பிங் சீட்டு காலியாத்தான் கீது."

"அதுல வேற யாரையாச்சும் குந்த வைங்க சார்" என்றாள் சங்கமித்ரா.