துரியனை ருசிக்குத் தின்றவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு சமையல் இதழிலிருந்து போன் செய்து, 'ஒரு செஃப்பின் அன்றாட இன்பங்கள்' என்று எண்ணூறு வார்த்தை கேட்டார்கள். என் பெயர் வேல்விழி. குற்றாலத்தில் செங்கோட்டை ரோட்டோரம் ஒரு விடுதியின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. சட்டையில் செஃப் என்று நூலில் தைத்திருக்கும். உள்ளே எல்லாருக்கும் அக்காதான்.

எழுதத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். அடுப்பு முன்னால் நிற்கும்போது எதைக் கேட்டாலும் முடியும் என்று தோன்றும், அதுதான் என் வியாதி.

முதல் ஆரம்பம்: குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும்போது—

(வேண்டாம். லாட்ஜ் விளம்பரம்.)

இரண்டாவது: இன்பம் என்பது யாதெனில்—

(சீச்சீ.)

மூன்றாவது நின்றது: காலையில் இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் கண்ணாடி வேர்த்து, ஒரு நிமிஷம் உலகமே தெரியாமல் நிற்பது. வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டப் போகிற நொடியில் அடுப்பை அணைத்துவிடுவது. மதியப் பந்தி ஓய்ந்தபின் தோசைக்கல் ஓரத்து மொறுமொறுப்பைச் சுரண்டித் தின்பது. பின்வாசலில் நின்று, டீயில் நாலு சொட்டு சாரல் விழ விழக் குடிப்பது. அப்புறம், வருஷத்துக்கு ஒரு தடவை, துரியன்.

அந்த ஒரு சொல்லை எழுதினேன் பாருங்கள், கட்டுரை அங்கேயே கவிழ்ந்தது.

2

துரியனைப் பார்க்காதவர்களுக்கு: பலாவின் கோபக்காரத் தம்பி. எடுத்தால் முள் குத்தும். வெங்காய மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் ஒரே அறையில் பூட்டி வைத்த வாடை. ஆனால் சுளை இருக்கிறதே! பால்கோவாவில் நெய்யில் வதக்கிய பூண்டு ஒரு பல் மசித்துச் சேர்த்தால்— (என் சமையலறையில் யாராவது இப்படிச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவேன்.) முதலில் வெறுப்பு, உடனே சந்தேகம், உடனே இன்னொரு சுளை. இருபது வருஷமாகச் சமைக்கிறேன், இப்படி ஒன்று என் கையால் வராது.

ஆனால் இங்கே யாரும் இதை ருசிக்காக வாங்குவதில்லை. இது குழந்தை இல்லாதவர்கள் வாங்கும் பழம். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தணிந்த குரலில் கேட்டு, பைக்குள் பை வைத்து எடுத்துப் போவார்கள்.*

* பலன் உண்டா என்று கேட்காதீர்கள். நான் சமையல்காரி. உப்பு போதுமா என்று கேளுங்கள்.

3

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாகராஜன் அண்ணாச்சியின் பழக்கடைக்கு நானும் என் வீட்டுக்காரர் பாண்டிராஜும் போனது குழந்தைக்காகத்தான். மாமியார் அனுப்பினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோம். மறு வருஷமும் அப்படியே. மூன்றாவது வருஷம், இந்த ஏக்கத்தை இனித் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அழுதேன். அவரும் அழுதார். அப்புறம் நன்றாக இருந்தோம், இப்போதும் நன்றாக இருக்கிறோம். ஏக்கம் போய்விட்டது, ருசி மட்டும் போகவில்லை. அவருக்கு வாடையே ஆகாது. நான் பழத்தைப் பிளந்தால் மாடிக்குப் போய்விடுவார்.

அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை. காரணம் உண்டு. ஒரு நாள் காரில் வந்த ஒருவர், ருசி பார்க்க ஒரு துரியன் கேட்டார். அண்ணாச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ருசிக்குத் திங்கதுக்கு பலா கெடக்கு, மங்குஸ்தான் கெடக்கு. இது வேணுங்கவங்களுக்கு உள்ளது."

சீசனுக்கு அவர் கைக்கு வருவதே பத்துப் பன்னிரண்டு பழம். அதில் ஒன்றை எனக்கென்று சாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பார். நான் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு வாங்குவேன். தெருமுனை தாண்டியதும் ஒரே ஓட்டம்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவரை நீங்கள் நம்புவீர்களா? அதனால் இதையும் சேர்க்கிறேன்: ரம்புட்டான் கொத்தில் சொத்தையை உள்ளே வைத்துக் கட்டுவார். பிடித்துவிட்டால் சிரிப்பார்.)

4

இங்கே துரியன் ஐஸ்கிரீம் செய்முறை இருந்தது. கதை ஓடுகிற நேரத்தில் செய்முறையா என்று பாண்டிராஜ் திட்டினார். எடுத்துவிட்டேன்.

5

போன ஆகஸ்ட். சீசனின் கடைசிப் பழம். அண்ணாச்சி அதைச் சாக்கிலிருந்து எடுத்து என் பையில் வைத்த நேரம், வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ஜோடி வந்து நின்றது. முஹ்ஸினா, அஹ்சன். அவன் துபாயிலிருந்து லீவில் வந்தவன், வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும், அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னார். எனக்காகச் சொன்ன பொய்.

என் தொண்டை வரை வந்தது: அண்ணாச்சி, நான் வெறும் ருசிக்குத்தான்—

(இந்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். ஏழு தடவையும் முழுசாகச் சொல்லிவிட்டேன். கடையில் சொல்லவில்லை.)

நான் சொன்னது வேறு. ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம், கத்தியைக் கொடுங்கள் என்றேன்.

பலா வெட்டும் பலகையில் வைத்து அங்கேயே பிளந்தேன். முஹ்ஸினா மூக்கைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடி, சுளையை மாத்திரை மாதிரி விழுங்கப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை மாட்டேன். மூக்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். கடிக்காதே, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்து, அவசரப்படாதே என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். கண் தானாகத் திறந்தது.

"மருந்துன்னுதான்க்கா சொன்னாவ," என்றாள். "ருசியா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே."

அஹ்சன் அடுத்த சுளைக்குக் கை நீட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டு அதையும் அவளே எடுத்தாள். எனக்குக் கடை வாசலிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த ருசிக்கு முதன்முதலாக ஒரு கூட்டு! அந்த வேகத்தில் அண்ணாச்சியிடமும் ஒரு சுளையை நீட்டினேன். முப்பது வருஷமாகத் துரியன் விற்கிறவர் பதறி இரண்டடி பின்னால் போனார்.

"எனக்கு எதுக்குத் தாயி? மூணு புள்ளை இருக்குல்லா."

ஒரு தடவைகூட அவர் தின்றதில்லை. ஒரு சுளைகூட!

கிளம்பும்போது முஹ்ஸினா என் கையைப் பிடித்து, நீங்கள் எத்தனை வருஷமாக இந்தப் பழத்துக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள். எட்டு என்றேன்.

"ஒங்களுக்கும் சேத்தே துஆ கேக்கேன்க்கா."

கட்டுரை கதையானது இந்த வரியால்தான். ஒரு பழத்துக்காக அந்தப் பெண்ணின் பிரார்த்தனையில் பங்கு வாங்கிவிட்டேன். அது முழுசாக அவளுக்கே போக வேண்டியது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

6

இப்போது சிக்கல். பழம் மடிக்க வாங்கும் பழைய இதழ்களை அண்ணாச்சி ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார். இது அச்சானால் ஒரு நாள் அவர் கைக்குப் போகும். அப்புறம் சாக்குக்கு அடியில் எனக்குப் பழம் இருக்காது. பெயரையாவது மாற்று என்றார் பாண்டிராஜ். மாற்றிப் பார்த்தேன். அது இன்னொரு பொய்யாகத் தெரிந்தது, திரும்ப மாற்றிவிட்டேன்.

முடிவு அ: ஜூலையில் போகிறேன். அவர் பேசாமல் பலாவைக் காட்டுகிறார்.

முடிவு ஆ: வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். திட்டிக்கொண்டே சாக்கைத் தூக்குகிறார்.

முடிவு இ: எனக்கு மசக்கை—

தெரியும். இரண்டாம் பகுதியிலிருந்தே இதற்காகத்தான் காத்திருந்தீர்கள். மாமியாரும் காத்திருந்தார். கிடையாது. நான் அழுது முடித்துவிட்டு வந்த இடத்துக்கு என்னைத் திரும்பக் கூட்டிப் போகாதீர்கள்.

முஹ்ஸினாவுக்கு என்ன ஆயிற்று? தெரியாது. தெரிந்தாலும் அது அவள் எழுத வேண்டிய கதை.

எண்ணூறு வார்த்தை எப்போதோ ஆகிவிட்டது, இட்லி மாவு வேறு பொங்கி வழிகிறது. இதை அனுப்பப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணாச்சி என்னைத் திட்டட்டும், இனி உனக்குப் பழமே கிடையாது என்று சொல்லட்டும், எல்லாவற்றுக்கும் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேனா உங்கள் கையில் இருக்கும்போதே அவர் வாயில் ஒரு சுளையை வைத்துவிடுங்கள். மூக்கைப் பொத்த விடாதீர்கள்.