நதியாவின் வளைகாப்பில் ஓர் இடது கை

1

இந்தக் கதை என் வெட்கத்தில் பிறந்தது. உத்தமபாளையம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில், மகாலட்சுமி என்ற பெண் எனக்கு ஒரு குலையை நீட்டினார். இடது கையால். வாங்க ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவர் கவனித்தார்.

"வலது கை ரெண்டு வருசமா லீவுல இருக்கு. பழத்துக்கு அது தெரியாது, தின்னுங்க."

2

முதல் வரைவு: 'பக்கவாதம் வந்த நாளிலிருந்து மகாலட்சுமி சுவரைப் பார்த்தபடியே…'

(அடித்துவிட்டேன். சுவரைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை. பந்தலுக்கடியில் இடது கையால் கத்தரி பிடித்துச் சொத்தைப் பழங்களை நறுக்குகிறார். முன்பு ஒரு நாளைக்கு நாலு வரிசை, இப்போது ஒன்றரை. காலை இழுத்து நடப்பதால் கணவர் வீரணன் வரப்பை அகலமாக்கிக் கொடுத்திருக்கிறார்.)

அவரை உறுத்தியது வேறு. வாய் லேசாகக் கோணியதில் புத்தியும் கோணிவிட்டதென்று ஊர் நினைத்துக்கொண்டது. அவர் எதிரிலேயே நிற்க, "நல்லாச் சாப்பிடுறாகளா?" என்று வீரணனைத்தான் கேட்பார்கள்.

3

மகாலட்சுமியின் தம்பி மகள் நதியாவுக்கு வளைகாப்பு. தம்பி மனைவி மலையம்மாள் ஓரமாக நாற்காலி போட்டு, "உக்காருங்க மதினி, எதுக்குச் சிரமம்?" என்றாள். அக்கறை போலத்தான் இருந்தது. ஆனால் பின்னால் யாரோ, நல்ல காரியத்தில் இடது கை பட்டால் பிள்ளைக்கு ஆகுமா என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

(இங்கே அவரை அழவைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது, அழவில்லை, கோபம்தான் வந்தது என்றார். திருத்திவிட்டேன்.)

கிளம்பிவிடலாம் என்று வீரணனுக்குக் கண் காட்டினார். அவர் வண்டிச் சாவியை எடுப்பதற்குள் நதியா பார்த்துவிட்டாள். அத்தை வளையல் போடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மலையம்மாள் குனிந்து, மகள் காதில் அந்த இடது கையைச் சொல்லி ஏதோ கிசுகிசுத்தாள்.

"பிள்ளை பிறந்தா அந்தக் கைதானேம்மா தூக்கப் போகுது?" என்றாள் நதியா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மகாலட்சுமி எதிரே போய் உட்கார்ந்தார். நதியா அத்தையின் வலது கையைத் தன் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டாள். அத்தையின் இடது கை ஒவ்வொரு வளையலாக ஏற்றியது. வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். (கதைக்காக ஒரு வளையலை உடைக்கலாமா என்று யோசித்தேன். ஒன்றும் உடையவில்லை.) கடைசி வளையல் ஏறியதும் மலையம்மாளே சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். இடப்பக்கமாக.

4

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன். ஒன்றில், மடியிலிருந்த வலது கையின் சுண்டுவிரல் மெல்ல அசைந்து…

மகாலட்சுமி கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏன், கை வராட்டி உங்களுக்குக் கதை வராதா?"

மூன்றையும் கிழித்துவிட்டேன். விரல் அசைந்தே ஆகவேண்டும் என்பவர்கள் நீங்களே அசைத்துக்கொள்ளுங்கள். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நதியாவுக்குப் புளிப்பு மாங்காய் வேண்டுமாம். எடுத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.