நான்காவது சர்வரில் இருந்த பெண்

மாணவர்கள் சேர விரும்பும் கல்லூரிகளை வரிசையாகக் குறிக்கும் இணைய விருப்பப் பதிவு மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. நாலு இருபதுக்கு எங்கள் நான்காவது சர்வர் திணறத் தொடங்கியது.

மொத்தம் நாலு சர்வர்கள். வரும் மாணவர்களை வாசலிலேயே பிரித்து அனுப்புவோம். உள்ளே யார் இருக்கிறார், என்ன குறித்திருக்கிறார் என்பது அந்தந்த சர்வரின் நினைவில் மட்டும் இருக்கும். பக்கத்து சர்வருக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். 'இப்போதைக்கு இது போதும்' என்று எழுதிய புண்ணியவதி நான்தான். அந்த இப்போதைக்கு மூன்று வருடம் ஓடிவிட்டது.

"ஏம்மா ஹைமா, நாலை அணைச்சுப் போடு," என்றார் மேலாளர் நரோத்தம் ரெட்டி.

"உள்ள எழுநூறு பிள்ளைங்க இருக்காங்க சார். சேமிக்காததெல்லாம் போயிடும். புதுசா யாரையும் விடாம, இருக்கறவங்க முடிக்கட்டுமே."

"தானா படுத்துச்சுன்னா எழுந்திரிக்க அரை மணி ஆகும். அணைச்சா மூணு நிமிஷம். பத்து நிமிஷம் தர்றேன், அதுக்கு மேல கெஞ்சாதே."

அப்போது உதவி எண்ணில் ஓர் அழைப்பை என்னிடம் தள்ளினார்கள்.

"அக்கா, நிர்மல் ஊர்லேர்ந்து கங்காமணி பேசறேன். நெட் சென்டர்ல இருக்கேன். பக்கம் சுத்திக்கிட்டே நிக்குது."

பதிவு எண்ணைத் தட்டினேன். நான்காவது சர்வர்.

"எத்தனை காலேஜ் போட்டிருக்கே?"

"நாப்பத்தொண்ணு. இன்னும் பன்னெண்டு இருக்கு."

"இப்பவே சேமிச்சிடு."

"மிச்சம்?"

"அப்புறம் உள்ள வந்து சேர்த்துக்கலாம்."

"நிஜமாவா அக்கா?"

"நான் சொல்றேன்ல!"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன். அவள் சேமித்தாள். ரெட்டி சர்வரை அணைத்தார். வெளியே விழுந்த எழுநூறு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடி வந்தார்கள், மற்ற மூன்றும், மூன்று நிமிடத்தில் திரும்ப எழுந்த நான்காவதும் மூச்சு முட்டி நின்றன. கங்காமணி பத்தொன்பது முறை நுழையப் பார்த்திருக்கிறாள். ஐந்து மணிக்கு வாசல் தானாக மூடிக்கொண்டது.

எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்ப் பிள்ளைகள் பட்டியலின் தலையில் ஹைதராபாத்தின் பெரிய கல்லூரிகளைப் போடுவார்கள். கட்டாயம் கிடைக்கிற பக்கத்து ஊர்க் கல்லூரிகளைக் கடைசியில்தான் போடுவார்கள். பதிவாகாமல் நின்றவை அந்தப் பன்னிரண்டும்தான்.

யாருக்கு எந்தக் கல்லூரி என்று வந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. புகார்க் கடிதம் வந்தது. ரெட்டி பதிலைத் தயாராக வைத்திருந்தார்: 'மாணவி தாமாகவே 4.31க்குச் சேமித்துள்ளார்.'

"நல்லவேளை, பட்டனை அழுத்தினது அந்தப் பொண்ணு. போன்ல பேசினதுக்குப் பதிவே கிடையாது. கையெழுத்துப் போடு தாயி."

நான் அவளுடைய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கடைசியில் எழுதியிருந்தாள்: 'போனில் பேசிய அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். எனக்குத்தான் வேகமாகத் தட்டத் தெரியவில்லை.'

ரெட்டியின் வரியை அடித்துவிட்டு, 'சேமிக்கச் சொன்னதும், மிச்சத்தை அப்புறம் சேர்க்கலாம் என்றதும் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் அதனால் ஒரு வரிகூட மாறவில்லை.