பறவைக்குக் கட்டம் இல்லை

வீட்டிலேயே இல்லாத ஒரு குழந்தையை அடக்கி வைக்கும்படி அவளுக்குக் கம்பெனியிலிருந்து ஓலை வந்தது. ஓலை என்றால் கணினித் திரையில் வந்து விழுந்த ஒரு படிவம்தான். 'பின்னணி இரைச்சல்: குழந்தை. விசில் ஊதுகிறது. கட்டுப்படுத்தவும். தவறு ஒன்று.' அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று நாத்தனாரில் தொடங்கி எதிர்வீட்டுக்காரி வரை கேட்டுச் சலித்துவிட்டார்கள். அத்தனை பேராலும் ஆகாத காரியத்தைக் கம்பெனி ஒரே படிவத்தில் முடித்துவிட்டது. பிள்ளையைக் கொடுத்தது போதாதென்று, வளர்க்கத் தெரியவில்லை என்ற திட்டு வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோனில் பதில் சொல்வது அவள் வேலை. ஊரடங்கு வந்ததும் அலுவலகத்தைப் பூட்டி, ஆளுக்கொரு கணினியும் ஹெட்போனும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே அறை. அதில் அவள் கணவன், பள்ளிக்கூட வாத்தியார், திரையைப் பார்த்துக் காலையிலிருந்து வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தான். பாதிச் சம்பளத்துக்கு முழுத் தொண்டை. ஆகவே அவள் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷின் மேல் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரே ஜன்னல். அதற்கு வெளியே கையகலக் கொல்லை, ஒரு எலுமிச்சை மரம், துணிக்கொடி, மதில். மதிலில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. படிவத்தில் சொன்ன 'குழந்தை' அந்த ஓட்டையில்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுகரிச்சான். துணிக்கொடிக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, வாலை நட்டமாகத் தூக்கிக்கொண்டு விசிலடிக்கும். அதன் பெண்டாட்டி சாம்பல் நிறத்தில், பேச்சு மூச்சில்லாமல் புழு சுமந்துகொண்டிருப்பாள். அந்த வீட்டிலும் கத்துவது ஆண்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அதன் பெயர் அவளுக்குத் தெரிய வந்ததே ஒரு புகாரால்தான். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் கூப்பிட்டார். தனி ஆள், மகள் வேறு ஊரில். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்துவிட்டது, கதவு மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வாரம் பார்த்து ஊரடங்கு வந்துவிட்டது. மெக்கானிக் வர வழியில்லை சார் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இடைமறித்து, சாரும் வேண்டாம் மோரும் வேண்டாம், பின்னால் குண்டுகரிச்சான் பாடுகிறதே, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார்.

கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. புகார் தீரும்வரை வாடிக்கையாளரைத் தினமும் ஒரு தடவை கூப்பிட வேண்டும், ஆள் மாறினாலும் அழைப்பு நிற்கக் கூடாது. கூப்பிட்டால் ரப்பர் வந்துவிடுமா என்று யாரும் கேட்கவில்லை. விதி என்றால் விதி. அதனால் தினமும் பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். சார் இரண்டாம் நாளே சித்தப்பா ஆனார். ரப்பரைப் பற்றி அரை நிமிஷம், மீதியெல்லாம் மதில் ஓட்டை. அவர் காதால் கேட்பதை அவள் கண்ணால் பார்த்துச் சொல்வாள். சண்டையும் வரும். குஞ்சு இரண்டுதான், சத்தத்தை வைத்தே சொல்வேன் என்று அவர் சாதித்தார். இல்லை, மூன்று வாய் பிளந்திருக்கிறது என்று இவள் எண்ணிச் சொன்னாள். தோற்றுப்போனதில் அன்று முழுக்க அவருக்கு முகம் சுண்டிப்போயிருக்கும், பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் 'காது' நுழைந்தது. பதிவான அழைப்புகளைக் கேட்டு மார்க் போடும் அதிகாரிக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். முகத்தை யாரும் பார்த்ததில்லை. முதல் தவறு குழந்தை. இரண்டாம் தவறு நாலே நாளில் வந்தது. 'பொருளுக்குத் தொடர்பில்லாத பேச்சு. மேலும் பதினோரு நொடி மௌனம்.' பத்து நொடிக்கு மேல் யாரும் பேசாமல் இருந்தால் கம்பெனிக்கு ஆகாது. அந்தப் பதினோரு நொடியும் பறவை பாடியதை அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தவறு வந்தால் வேலை போய்விடும்.

அவள் காதுக்கே ஃபோன் போட்டாள். தன் வீட்டில் குழந்தையே கிடையாது, அது பறவை என்றாள். தெரியும் மேடம் என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

"படிவத்துல நாலு கட்டந்தான் இருக்கு. குழந்தை, நாய், டிவி, வண்டி. பறவைக்குக் கட்டம் இல்ல. இருக்கறதுல கிட்டத்துல எதுவோ அதைப் போட்டேன்."

"எனக்குப் பிள்ளை இருக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

அதைத் தனிப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னார். பிறகு ஒரு நல்லதும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெரியவர் வாயால் 'தீர்ந்துவிட்டது' என்ற சொல் பதிவாகிவிட்டால் புகாரை மூடிவிடலாம், பேச்சும் இல்லை, தவறும் இல்லை. ரப்பர் கிழிந்துதானே இருக்கிறது என்றாள் அவள். சொல் பதிவானால் போதும் மேடம் என்றார். அன்று ராத்திரி பாத்திரம் தேய்த்தபடியே அவள் பொருமிக்கொண்டிருந்தாள். கிழிந்த ரப்பருக்கு வக்கில்லை, கதவு மூடிவிட்டது என்று அந்த மனிதர் வாயாலேயே வாங்க வேண்டுமாம். அவருக்கு அன்றாடம் வரும் ஒரே குரலையும் அறுத்துவிட வேண்டுமாம்.

ஆனால் வேலை வேலைதான். அவள் சம்பளம் நின்றால் வாடகை கட்ட முடியாது. மறுநாள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகப்படியே, சார், உங்கள் புகார் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

"என்னம்மா, இன்னைக்கு சார்ங்கற. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"பக்கத்துல இல்ல. நடுவுல இருக்காங்க."

லாரி ஓட்டியவருக்குச் சோதனைச் சாவடி எப்படியிருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. குரலை உயர்த்தி, தெளிவாக, கதவு ஜம்மென்று மூடுகிறது, புகார் தீர்ந்தது, எழுதிக்கொள் என்றார்.

அவ்வளவுதான், காரியம் முடிந்தது. சொல் பதிவாகிவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது.

"சித்தப்பா, கயித்தை அவுத்துட்டீங்களா?"

"அது கெடக்கு, விடும்மா. உன் வேலை போயிடக் கூடாது."

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண் மங்கி, கயிறு கட்டிய ஃபிரிட்ஜோடு ஒண்டியாகக் கிடக்கும் மனிதர் அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார். இத்தனை பெரிய கம்பெனி அந்தப் பொய்யைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. 'தீரவில்லை' என்ற பொத்தானை அவள் அமுக்கினாள். புகார் திறந்திருந்தால் விதியும் திறந்திருக்கும். தன்னைத் தூக்கிவிட்டாலும் யாராவது ஒருவர் அவரைத் தினமும் கூப்பிட்டே ஆக வேண்டும். அந்த யாராவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். விலக்கப்பட்டவரின் புகார்கள், தவறு போட்டு விலக்கிய அதிகாரி தலையில்தான் விழும்.

அந்த நேரம் மதில் ஓட்டையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி, மைக்கை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"சித்தப்பா, ஒண்ணு வெளிய வந்துடுச்சு. எலுமிச்சைக்குத் தாவிடுச்சு. ரெண்டாவது நிக்குது, பயந்துக்குது." பிறகு குரல் மாறியது. "இதைக் கேக்கற சார், நல்லா எண்ணிக்கங்க. இனி நான் பேசப் போறதில்ல."

ஆண் பறவை கம்பத்தின் உச்சியில் நின்று தொண்டை கிழியக் கத்தியது. மூன்றும் வெளியே வரும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவள் ஹெட்போனைத் திரும்ப மாட்டியதும் அந்தப் பக்கத்திலிருந்து, மூணுதாம்மா, நீ சொன்னது சரி என்று மட்டும் வந்தது.

மறுநாள் காலையில் வேலை போனது. மூன்றாம் தவறு: குழந்தை, விசில், மௌனம் இரண்டு நிமிஷம். கணவன் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வந்து கேட்டான். நல்ல காரியம் செய்தாய் என்றான், அடுத்த மூச்சில் வாடகைக்கு என்ன செய்வது என்றான். இரண்டும் நியாயமாகவே இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, பதினோரு மணி சுமாருக்கு, அவளுடைய சொந்த ஃபோன் அடித்தது. குரலைக் கேட்டதும் காதுதான் என்று தெரிந்துவிட்டது. பின்னணியில் நிஜமான குழந்தை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"மேடம், அந்த ரப்பர் கேஸ் என் தலையில விழுந்திருக்கு. தினமும் நான்தான் கூப்பிடறேன். தீர்ந்துச்சான்னு கேட்டா, உன் பின்னாடி என்ன கத்துதுன்னு கேக்கறாரு. பால்கனி கம்பியில ஏதோ ஒண்ணு வந்து உக்காருது. பேர் தெரியல. இப்ப லைன்ல இருக்காரு, என்ன சொல்றது?"

அவள் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறவே இல்லை. அவள் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தடவை மேடம், மேடம் என்று கூப்பிட்டார். பதினொன்று வந்ததும் வாய் திறந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். ஃபோனைப் பால்கனிப் பக்கம் நீட்டிட்டு, வாயை மூடிக்கிட்டு இருங்க. பேரை அவரே சொல்லுவாரு."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"அது பாடி முடிக்கற வரைக்கும். பதினோரு நொடிக்குக் கொறஞ்சா, தவறு ஒண்ணு."